அறிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால், முன்பெல்லாம் 'சாஃப்ட்வேர்' என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். இப்போது 'ரிப்போர்ட்டிங்', 'டேஷ்போர்டு', 'பிஐ டெவலப்பர்' என்று விரித்துச் சொல்கிறார்கள். பிஐ என்பது பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்பதன் சுருக்கம். நிறுவனத்தின் விற்பனை, கையிருப்பு, வரவு செலவு, ஆள் கணக்கு ஆகியவற்றைக் கணிப்பொறியிலிருந்து எடுத்து, மேலதிகாரிகள் பார்க்கும்படி படமாகவும் பட்டியலாகவும் வைப்பது இந்த வேலை. அப்படி வைத்த அறிக்கைகளை யாராவது பார்க்கிறார்களா, யார், எத்தனை முறை, எதற்காக என்று கண்டறிவதும் இன்று அந்த வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. இக்கட்டுரை அந்தப் பகுதியைப் பற்றியது. பிள்ளைகளின் வேலையைப் புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும், அந்த வேலைக்குப் புதிதாகச் செல்பவர்களுக்கும் பயன்படலாம்.

ரயில்வேயில் பாதைப் பிரிவில் இருந்தவர்களுக்கு 'ரிட்டர்ன்' என்ற சொல் நன்றாகத் தெரியும். கேங்கிலிருந்து செக்ஷன் இன்ஜினீயருக்கு, அவரிடமிருந்து உதவிப் பொறியாளருக்கு, அங்கிருந்து டிவிஷனுக்கு, பிறகு தலைமையகத்துக்கு என மாதாமாதம் படியேறிக்கொண்டே போகும் படிவங்கள் அவை. எத்தனை ஸ்லீப்பர் மாற்றினோம், எந்த வளைவை அளந்தோம், எந்தத் தண்டவாளத்தில் பழுது கண்டோம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அதிகாரிகள் மாதந்தோறும் மேலே எழுதும் பி.சி.டி.ஓ. கடிதத்தில் ஒரே ஒரு வரி இடம்பெற, கீழே பலர் உட்கார்ந்து கணக்கெடுத்திருப்பார்கள். சொல்ல எதுவுமில்லாத மாதத்தில்கூட 'நில்' என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். வெளியாருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் 'நில்' என்று எழுதி வந்த காகிதமும், வராமலே போன காகிதமும் ஒன்றாகாது. முதலாவதில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். இரண்டாவதில் அவர் பார்த்தாரா என்பதே தெரியாது. இந்த வித்தியாசம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

காகிதக் காலத்தில் ஓர் அறிக்கையைப் படித்தவர் யார் என்று அறிய பைலைப் புரட்டினால் போதும். மூலையில் சிறு கையெழுத்து, தேதி, சில சமயம் பச்சை மசியில் ஒரு கேள்வி. கேள்வி இருந்தால் உண்மையாகவே படித்திருக்கிறார். வெறும் கையெழுத்து என்றால் படித்தும் இருக்கலாம், கட்டோடு சேர்த்துப் போட்டும் இருக்கலாம். கணிப்பொறியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அங்கே கையெழுத்துக்குப் பதில் 'லாக்' என்ற பதிவேடு இருக்கிறது. யார் எந்த அறிக்கையைத் திறந்தாலும் அதில் ஒரு வரி தானாக விழும்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

நான் சற்று விவரமாகப் பார்த்தது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற சாதனத்தை. 2004-இல் வெளிவந்தது, பல அலுவலகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதன் தரவுத்தளத்தில் 'எக்சிகியூஷன் லாக் 3' என்று ஒரு பட்டியல் உண்டு. ஓர் அறிக்கை ஒருமுறை ஓடினால் ஒரு வரி. எந்த அறிக்கை, யார் பெயரில் ஓடியது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, தரவை எடுக்க எவ்வளவு நேரம், அதைக் கணக்கிட எவ்வளவு நேரம், பக்கமாக அடுக்க எவ்வளவு நேரம், எத்தனை வரிகள் வந்தன, வெற்றியா பிழையா என்பதெல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு முக்கியமான இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, அந்த ஓட்டம் ஒரு மனிதர் திறந்ததால் நடந்ததா, குறித்த நேரத்தில் தானாக நடந்ததா என்பது. இன்னொன்று, திரையில் பார்த்தாரா, பிடிஎஃப் ஆகவோ எக்செல் ஆகவோ இறக்கிக்கொண்டாரா என்பது. பலர் இந்த இரண்டு கட்டங்களையும் பார்ப்பதேயில்லை. மொத்த வரிகளை எண்ணி மேலே அனுப்பிவிடுகிறார்கள்.

டாப்லோ சர்வரிலும் இது போன்ற வரலாற்றுப் பதிவு இருக்கிறது. 2015-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பவர் பிஐயில் 'ஆக்டிவிட்டி லாக்' என்று பெயர். அதை எடுக்க நிர்வாகி உரிமை வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றில் இந்த மூன்றும் ஒரே சமயத்தில் இருப்பது அதிசயமல்ல. கணக்குப் பிரிவு பழைய சாதனத்தை விடாது. விற்பனைப் பிரிவு புதிதாக ஒன்று வாங்கும். வாங்கிய கம்பெனியோடு மூன்றாவது ஒன்று சீதனமாக வந்து சேரும். நிறுவனம் முழுவதற்குமான கணக்கு வேண்டுமானால் மூன்று பதிவேடுகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சேர்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இப்பதிவேடுகள் நிரந்தரமானவை அல்ல. ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் யாரும் மாற்றாவிட்டால் 60 நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். அதற்கு முந்தையதை இரவில் தானே அழித்துவிடும். டாப்லோ சர்வரில் 183 நாள். பவர் பிஐயின் ஆக்டிவிட்டி லாக் ஏறத்தாழ ஒரு மாதம்தான். ஆகவே முதல் வேலை, இவற்றை ஒவ்வொரு நாளும் எடுத்துத் தனியான ஒரு பட்டியலில் சேர்த்து வைப்பது. இதைத் தொடங்காத நிறுவனத்தில் 'சென்ற வருஷம் இதை யார் பார்த்தார்கள்' என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை. இங்கேதான் 'நில்' விஷயம் வருகிறது. ஒரு நாள் பதிவை எடுக்கும் வேலை பழுதாகி நின்றுவிட்டால், அந்த நாளில் எந்த அறிக்கைக்கும் வரி இருக்காது. அதைப் பூஜ்யம் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவு வந்ததா என்பதற்கு நாள்வாரியாக ஒரு தனிக் குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். வந்தது, யாரும் திறக்கவில்லை என்பது ஒன்று. பதிவே வரவில்லை என்பது வேறு.

சேர்க்கும்போது இரண்டு சிக்கல்கள் தலைதூக்கும். ஒரே மனிதர் ஒரு சாதனத்தில் அலுவலக லாகின் பெயரோடும், இன்னொன்றில் மின்னஞ்சல் முகவரியோடும் பதிவாகியிருப்பார். கணிப்பொறிக்கு அவர் இரண்டு ஆள். பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டு இருவரையும் ஒருவராக்க வேண்டும். அப்போதுதான் அவர் எந்தப் பிரிவு, எந்த ஊர்க் கிளை என்பதும் கிடைக்கும். அறிக்கைக்கும் இதே கதை. 'விற்பனை' என்று இருந்ததை 'விற்பனை புதியது' என்றும், பிறகு 'விற்பனை இறுதி' என்றும் பெயர் மாற்றுவார்கள். பெயரை வைத்து எண்ணினால் மூன்று அறிக்கைகள் சிறிது சிறிதாகப் பயன்பட்டதுபோல் தோன்றும். சாதனம் ஒவ்வோர் அறிக்கைக்கும் உள்ளே கொடுத்திருக்கும் அடையாள எண்ணை வைத்து எண்ணினால் இந்தக் குழப்பம் வராது.

ஒரு கணக்கு

கற்பனையாக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 40 கிளைகள் உள்ள ஒரு நிறுவனம். ஒவ்வொரு கிளை மேலாளரும் பார்ப்பதற்காக ஒரு கையிருப்பு அறிக்கை செய்து வைத்திருக்கிறார்கள். 30 நாள் மாதத்தில் அது 1,200 முறை ஓடியதாகப் பதிவேடு சொல்கிறது. கூட்டத்தில் காட்டினால் கைதட்டுவார்கள். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தலைமை அலுவலக வரவேற்பறையில் ஒரு டிவித் திரை. அதில் இந்த அறிக்கை மணிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. 24 மணி, 30 நாள்: 720. இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்க்க வாட்ச்மேன் மட்டுமே இருப்பார். அடுத்து, 10 பேருக்குத் தினமும் காலையில் தனித்தனியாக மின்னஞ்சலில் போகிறது: 300. அதை அவர்கள் திறந்தார்களா என்பது இந்தப் பதிவேட்டில் வராது. மீதி 180. அதில் அறிக்கையைச் செய்தவரும் அவருடைய சகாவும் சரிபார்க்கத் திறந்தது 60. மீதி 120. இந்த 120-ஐத் திறந்தவர்கள் 8 பேர். அதிலும் ஒருவர் மட்டும் 78 முறை. மற்ற ஏழு பேர் சேர்ந்து 42 முறை. அந்த எட்டுப் பேரில் கிளை மேலாளர்கள் 5 பேர்தான். யாருக்காகச் செய்தார்களோ அந்த 40 பேரில் 5 பேர், அதாவது எட்டில் ஒரு பங்கு.

1,200 என்பதும் பொய்யல்ல, எட்டில் ஒரு பங்கு என்பதும் பொய்யல்ல. ஆனால் இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டுதான் ஏதாவது செய்ய முடியும். மற்ற 35 பேர் ஏன் வரவில்லை என்று விசாரிக்கலாம். ஒருவேளை கிளையில் இணைப்பு மெதுவாக இருக்கும். அறிக்கை திறக்கவே இரண்டு நிமிஷம் ஆகிறதென்றால் யார் காத்திருப்பார்? பதிவேட்டில் நேரக் கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். தரவை எடுப்பதில் தாமதமா, பக்கம் அடுக்குவதில் தாமதமா என்று பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியும். அந்த 78 முறைக்காரரையும் போய்ப் பார்க்க வேண்டும். அவர் ஒருவர்தான் அந்த அறிக்கையை வைத்து உண்மையாக வேலை செய்பவராக இருக்கலாம். அல்லது ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காமல் திரும்பத் திரும்ப வடிகட்டிப் பார்க்கிறவராகவும் இருக்கலாம். இரண்டும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். இதைப் பதிவேட்டிடம் கேட்டுப் பயனில்லை, மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

எக்செல்லாக இறக்கியவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் அறிக்கையைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் உடனே எக்செல்லுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றால், அறிக்கையில் இல்லாத ஏதோ ஒன்றை அவர்கள் வெளியே போய்ச் செய்துகொள்கிறார்கள் என்று பொருள். அங்கே ஒரு கூட்டல், ஒரு பழைய மாத ஒப்பீடு, ஒரு கழித்தல். அப்படி இறக்கிய கோப்பு பிறகு மின்னஞ்சலில் பத்துப் பேருக்குப் போகும். அந்தப் பத்துப் பேரும் நம் கணக்கில் இல்லை. எனவே பதிவேட்டில் ஒரே வாசகர் உள்ள அறிக்கைக்கு உண்மையில் பதினோரு வாசகர்கள் இருக்கலாம்.

எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தமிழ்ப் பெண் இந்த வேலையில் இருக்கிறாள். ஒருநாள், "மாமா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சது. மூணு மாசமா ஒருத்தரும் தெறக்கலை. சொன்னா என் அப்ரைசல் போயிடும், சொல்லலைன்னா அடுத்த வருஷமும் இதையே செய்யணும்" என்றாள். இந்தத் தொழிலில் உள்ள இளைஞர்கள் பலருக்கு இந்தச் சங்கடம் இருக்கிறது. எத்தனை அறிக்கை செய்தாய் என்று எண்ணி மதிப்பெண் போடும் இடத்தில், பயனில்லாததை நிறுத்தச் சொல்பவருக்கு மதிப்பெண் குறைகிறது. நான் அவளிடம் சொன்னது: அந்த அறிக்கையைக் கேட்டு எழுதிய கோரிக்கைக் கடிதத்தை முதலில் எடு. கேட்டவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாரா என்று பார். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு அப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரியாது. அவருக்குப் பத்து நிமிஷம் விளக்கிக் காட்டிய பிறகு, பாதியை வைத்துக்கொண்டு பாதியை நிறுத்தச் சொன்னாராம். அதை அவள் அந்த ஆண்டு தன் சாதனைப் பட்டியலில் எழுதிக்கொண்டாள். எழுதத்தான் வேண்டும்.

குறைவாகத் திறப்பதெல்லாம் வீணா?

இங்கேதான் அவசரக்காரர்கள் சறுக்குவார்கள். ரயில் பாதையில் ஒவ்வொரு பிரிவுக்கும் வெள்ள அபாயமுள்ள பாலங்கள், மண்சரிவு வரக்கூடிய இடங்கள் ஆகியவற்றின் பட்டியல் உண்டு. பாலத்தின் தூணில் இதுவரை வந்த உச்ச வெள்ள மட்டமும் அபாய மட்டமும் வண்ணத்தில் எழுதியிருக்கும். மழைக்கு முன்னால் அந்தப் பட்டியலை எடுத்துச் சரிபார்த்து, ரோந்துக்காரர்களுக்கு இடம் ஒதுக்கி, எத்தனை மணிக்கு எந்தக் கிலோமீட்டரில் இருக்க வேண்டும் என்று அட்டவணை போடுவார்கள். கொங்கண் பக்கம் என்றால் ஜூனுக்கு முன்; தமிழ்நாட்டின் கடலோரம் என்றால் அக்டோபருக்கு முன். மற்ற மாதங்களில் அந்தப் பதிவேட்டை யாரும் தொடமாட்டார்கள். ஜனவரியில் ஒரு கணிப்பொறி நிபுணர் வந்து, ஒரு மாதப் பதிவை மட்டும் பார்த்து, 'இதை யாருமே திறக்கவில்லை, எடுத்துவிடலாம்' என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த மழையில் ரோந்துக்காரரை எங்கே நிறுத்துவது?

வணிக நிறுவனத்திலும் இப்படிப்பட்டவை இருக்கின்றன. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச், ஏப்ரலில் மட்டும் திறக்கப்படுபவை. தணிக்கைக்காரர் வரும்போது மட்டும் கேட்பவை. தீபாவளி விற்பனைக்கு முன் மட்டும் பார்ப்பவை. ஏதாவது தவறு நேர்ந்தால் மட்டும் தேடுபவை. நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுவதும் அலமாரியில் தூங்கும். பொதுக்குழு நாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்பார். ஆகவே எந்த அறிக்கையையும் பயனற்றது என்று முடிவு கட்ட, குறைந்தது பன்னிரண்டு மாதப் பதிவாவது கையில் இருக்க வேண்டும். அதனால்தான் தினமும் எடுத்துச் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

பார்ப்பவரைப் பார்ப்பது

இன்னொரு பக்கம் உண்டு. அறிக்கையை யார் திறந்தார்கள் என்ற பதிவு, திறக்காதவர் யார் என்றும் காட்டிக்கொடுக்கும். ஒரு மேலதிகாரி இதைக் கையில் எடுத்துக்கொண்டு, 'உன் கிளையில் இந்த வாரம் ஒருமுறைகூடத் திறக்கவில்லையே' என்று கேட்கத் தொடங்கினால், மறுநாளிலிருந்து நாற்பது பேரும் காலை ஒன்பது மணிக்கு அறிக்கையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எண்ணிக்கை நூற்றுக்கு நூறு ஆகிவிடும். ஆனால் அது எதையும் சொல்லாத எண்ணாகிவிடும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-இல் நாணயக் கொள்கையைப் பற்றிச் சொல்லும்போது இந்த உண்மையைக் குறிப்பிட்டார்: ஓர் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியாக்கி அழுத்தம் கொடுத்தால் அதுவரை அதில் தெரிந்த ஒழுங்கு குலைந்துவிடும். இதை அறிய நமக்குப் பொருளாதாரம் வேண்டாம். மஸ்டர் ரோலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சட்டமும் இதில் நுழைந்திருக்கிறது. ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பச் சாதனம் எதையும் கொண்டுவர, ஊழியர் மன்றம் இருக்கும் நிறுவனத்தில் அம்மன்றத்தின் சம்மதம் வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள். அந்தக் கம்பெனிகளின் ஜெர்மனி ஊழியர்களுடைய பதிவுகளைக் கையாளும்போது இதை அவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பவர் பிஐயின் பயன்பாட்டுக் கணக்கில் தனிநபர் பெயர்களை மறைத்து எண்ணிக்கையை மட்டும் காட்டும்படி நிர்வாகி அமைக்க வழி இருக்கிறது. என் அபிப்பிராயம், சேர்க்கும் குழுவில் ஓரிருவருக்கு மட்டும் பெயர் தெரிந்தால் போதும்; மேலே போகும் கணக்கில் பிரிவு, கிளை, எத்தனை பேர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். எதற்காக எண்ணுகிறோம் என்பதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. ஒளித்து வைத்து எண்ணினால் ஒருநாள் வெளியே வரும். அதற்குப் பிறகு கேட்கும் எந்தக் கேள்விக்கும் நேரான பதில் கிடைக்காது.

கடைசியாக, நிறுத்துவதற்கான முறை. ஓர் அறிக்கையை நிறுத்தலாம் என்று தோன்றினால் உடனே அழிக்கக் கூடாது. முதலில் அதன் தலைப்பில், 'இன்ன தேதிக்குப் பின் இது இருக்காது, தேவைப்படுபவர் இன்னாரிடம் சொல்லவும்' என்று ஓர் அறிவிப்பு. தேதி வந்ததும் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டு, யாராவது கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் அரை மணியில் திருப்பி வைக்க முடிய வேண்டும். அவர் பெயரையும் எதற்காகக் கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தானாகப் போகும் மின்னஞ்சல்களை அறிக்கைக்கு முன்பே நிறுத்திப் பார்க்கலாம். வராததைக் கவனித்துக் கேட்பவர்தான் உண்மையான வாசகர். ஒரு மார்ச் மாதமும் ஒரு தணிக்கையும் கடந்த பின்னும் யாரும் கூப்பிடவில்லை என்றால் எடுத்துவிடலாம். அப்போதும் அறிக்கையின் வரையறையை, அதாவது எந்தத் தரவிலிருந்து எப்படிக் கணக்கிட்டது என்ற குறிப்பை, ஒரு கோப்பில் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு ஆகும் இடம் மிகச் சிறிது.